மாலை ஐந்தரை மணிக்கு ஒரு கைப்பிடி கடலை

எடையைக் குறைக்கச் சொல்லும் அறிவுரைகள் பெரும்பாலும் விடியற்காலை ஐந்து மணியில் தொடங்குகின்றன. எழுந்திருங்கள், வெந்நீர் குடியுங்கள், ஒரு மணி நேரம் வேகமாக நடங்கள். சொல்வதில் தவறில்லை. ஆனால் வேலைக்குப் போகும் தாய் அந்த ஐந்து மணிக்கு ஏற்கெனவே எழுந்து அடுப்படியில் நிற்கிறார். ஏழு மணிக்குப் பள்ளி வேன் வந்துவிடும். அதற்குள் காலைச் சாப்பாடு, இரண்டு மூன்று டிஃபன் பாக்ஸ், குளிக்க அடம்பிடிக்கும் பிள்ளை, காணாமல் போன ஒற்றைச் சாக்ஸ். தந்தைக்கு எட்டரைக்குப் பேருந்து. இரவு படுக்கப் பதினொன்றாகிறது. இவர்களிடம் போய் இன்னும் ஒரு மணி நேரம் முன்னால் எழுந்திருங்கள் என்றால் தூக்கத்திலிருந்துதான் அந்த நேரத்தை வெட்டியெடுக்க வேண்டும். தூக்கம் குறைந்தால் எடை கூடும் என்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு, பின்னால் பார்ப்போம். இந்த அத்தியாயம் வைக்கும் வாதம் வேறு. வேலைக்குப் போகும் பெற்றோருக்குத் தேவைக்கு மேலான சாப்பாடு பெரும்பாலும் உள்ளே போவது அலுவலகம் விட்டதிலிருந்து படுக்கப் போகும் வரையிலான ஐந்து மணி நேரத்தில்தான். அந்த ஐந்து மணி நேரத்தை முன்கூட்டியே ஒழுங்கு செய்துவிட்டால், புதிதாக நேரம் தேடாமலே எடை இறங்கத் தொடங்கும்.

முதலில் நடைப்பயிற்சியின் கணக்கைப் பார்த்துவிடலாம். நேரம் இல்லாதவர்கள் மனம் தளர்வது பெரும்பாலும் அங்கேதான். எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் அரை மணி நேரம் நடுத்தர வேகத்தில் நடந்தால் ஏறக்குறைய 120 கலோரி செலவாகும். அதில் 35 கலோரி, அவர் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும். ஆக, நடந்ததனால் கிடைத்தது 85. வழியில் ஒரு மெதுவடை சாப்பிட்டால் அதுவும் போயிற்று. இதைவிட வியப்பானது 2012-இல் ஹெர்மன் பான்ட்சர் குழுவினர் தான்சானியாவின் ஹாட்சா மக்களிடம் கண்டது. வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் அவர்கள் நாள்தோறும் நம்மைவிடப் பல மடங்கு நடக்கிறார்கள். ஆனாலும் உடல் அளவைக் கணக்கில் எடுத்துப் பார்த்தபோது, ஒரு நாளில் அவர்கள் செலவிடும் மொத்த ஆற்றல் அமெரிக்க, ஐரோப்பிய நகரவாசிகள் செலவிடுவதிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை. நடந்து செலவழிப்பதில் ஒரு பகுதியை உடல் வேறு இடங்களில் சிக்கனம் பிடித்து ஈடுகட்டிக்கொள்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மனத்துக்கும் நல்லது என்பதில் ஐயமே இல்லை. எடையைக் குறைக்கும் வேலையில் மட்டும் அது துணையாள்தான். பாரத்தைச் சுமப்பது தட்டு.

ஆகவே நேரம் குறைவாக உள்ளவர்கள் எந்த யோசனையையும் ஒரே அளவுகோலால் அளந்து பார்க்கலாம்: இதற்கு நாளொன்றுக்கு எத்தனை நிமிடம் ஆகும்? டீயை எடுத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை என்றால் ஏறக்குறைய 40 கிராம், 160 கலோரி. சேர்க்கும் சர்க்கரையை 25 கிராம் அளவுக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். டீயிலேயே அந்தக் கணக்கு தாண்டிவிடுகிறது. இரண்டை ஒன்றாக்கினால் 80 கலோரி மிச்சம். மேலே சொன்ன அரை மணி நேர நடையின் நிகர லாபம் இதுவே, ஒரு நிமிடம்கூடச் செலவில்லாமல். எண்ணெயும் அப்படித்தான். ஒரு லிட்டர் சமையல் எண்ணெயில் எட்டாயிரம் கலோரிக்கு மேல் இருக்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதத்துக்கு ஒரு லிட்டர் குறைந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 68 கலோரி குறையும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2,000 கலோரி உணவுக்கு 27 கிராம் எண்ணெய் போதும் என்கிறது; நான்கு பேருக்கு அது மாதம் மூன்றரை லிட்டர். உங்கள் வீட்டில் எவ்வளவு ஆகிறது என்று தெரிந்துகொள்ளப் புதிய பாக்கெட்டை வெட்டும் நாளின் தேதியை அதன்மேலேயே பேனாவால் எழுதி வையுங்கள். இரண்டு மாதத்தில் உண்மை தெரிந்துவிடும். கடையில் வாங்கித் தின்ற பஜ்ஜியும் பரோட்டாவும் அந்தக் கணக்கில் வராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நூறு, நூற்றைம்பது கலோரியில் என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்கலாம். அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹால் குழுவினர் 2011-இல் வெளியிட்ட கணக்கு இதற்குப் பதில் சொல்கிறது. எடை கூடுதலாக உள்ள ஒருவர் தினமும் சாப்பிடுவதில் வெறும் 24 கலோரியை நிரந்தரமாகக் குறைத்தால், கடைசியில் ஏறக்குறைய ஒரு கிலோ குறைந்து அங்கேயே நிற்கும். அதில் பாதி முதல் ஆண்டில் இறங்கும். கிட்டத்தட்ட முழுவதும் இறங்க மூன்று ஆண்டு ஆகும். அப்படியானால் டீயும் எண்ணெயும் சேர்ந்து தரும் 150 கலோரி முதல் ஆண்டில் மூன்று கிலோவையும், பொறுத்திருந்தால் ஆறு கிலோவையும் இறக்கும். பதினைந்து நாளில் ஐந்து கிலோ என்று விளம்பரம் செய்கிறவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். ஆனால் பிள்ளை வளர்க்கிறவர்கள் பதினைந்து நாளுக்குத் திட்டமிட முடியாது. மூன்று ஆண்டு தாங்குகிற ஏற்பாடுதான் அவர்களுக்கு உதவும். இந்தக் கணக்கில் நிரந்தரமாக என்ற சொல்தான் முக்கியம். பத்து நாள் விட்டுப் பதினோராம் நாள் பிடித்தால் ஒன்றும் நடக்காது.

இப்போது அந்த ஐந்து மணி நேரத்துக்குள் போவோம். மதியச் சாப்பாடு ஒரு மணிக்கு முடிந்தது. டப்பாவில் பெரும்பகுதி சாதம், ஓரத்தில் ஒரு பிடி பொரியல். நாலு மணிக்கு ஒரு டீ. ஆறு மணிக்குப் பேருந்து. ஆறே முக்காலுக்கு வீட்டுக்குள் நுழையும்போது சாப்பிட்டு ஐந்தே முக்கால் மணி நேரம் கடந்துவிட்டது. கைப்பையைக் கீழே வைப்பதற்குமுன் மிக்சர் டப்பா திறக்கிறது. பாலைக் காய்ச்சிக்கொண்டே ஒரு கை, பிள்ளையின் டைரியைப் பார்த்துக்கொண்டே இன்னொரு கை. மிக்சரில் 100 கிராமுக்கு 500 கலோரிக்கு மேல் உண்டு. நின்றபடி தின்றதை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஏழரைக்குத் தோசை சுடும்போது பிள்ளை பாதியோடு எழுந்துவிடுகிறது. ஆறிப்போன அந்தப் பாதித் தோசை, வீணாகப் போகக் கூடாதே என்று அம்மாவின் வாய்க்குள் போகிறது. ஒன்பதேகாலுக்குப் பெரியவர்கள் உட்கார்கிறார்கள். நாள் முழுதும் ஓடியதற்கு இது ஒன்றுதான் ஆறுதல் என்பதால் தட்டு நிறைகிறது. பத்து மணிக்குப் பிள்ளை தூங்கியபின் கிடைக்கும் அமைதியில் போனும் பிஸ்கட்டும். இதில் எந்த ஒரு செயலும் பெருந்தீனி இல்லை. யாரும் கூச்சப்பட வேண்டியதும் இல்லை. பசியும் அசதியும் ஒரே நேரத்தில் வந்து சேரும்போது எந்த மனிதரும் இப்படித்தான் நடந்துகொள்வார். மனவுறுதி மிகக் குறைந்திருக்கும் அந்த நேரத்தில் மனவுறுதியை நம்பித் திட்டம் போடுவதுதான் தவறு.

சாப்பாட்டின் நேரம் எடையைப் பாதிக்கிறதா என்பதில் ஆய்வுகள் முழுமையாக ஒத்துப்போகவில்லை. அதை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. 2013-இல் இஸ்ரேலில் நடந்த ஓர் ஆய்வில் உடல்பருமனுள்ள பெண்கள் இரு பிரிவாக 12 வாரம் நாளுக்கு 1,400 கலோரி சாப்பிட்டார்கள். காலையில் அதிகமாகச் சாப்பிட்டவர்கள் 8.7 கிலோவும், இரவில் அதிகமாகச் சாப்பிட்டவர்கள் 3.6 கிலோவும் குறைந்தார்கள். ஸ்காட்லாந்தின் அபர்டீனில் 2022-இல் வெளியான ஆய்வு இதை இன்னும் கறாராகச் சோதித்தது. எல்லாச் சாப்பாட்டையும் ஆய்வாளர்களே கொடுத்து அளந்தபோது, காலையில் அதிகம் சாப்பிட்டாலும் இரவில் அதிகம் சாப்பிட்டாலும் எடை ஒரே அளவுதான் குறைந்தது. ஆனால் காலையில் அதிகம் சாப்பிட்ட வாரங்களில் நாள் முழுதும் பசி குறைவாக இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு முடிவுக்கு வரலாம். கடிகாரத்துக்கு மாயசக்தி ஏதும் இல்லை. சாப்பாட்டை நாளின் முன்பகுதிக்கு நகர்த்தினால் மாலைப் பசி அடங்குகிறது; பசி அடங்கினால் கை டப்பாவைத் தேடுவதில்லை. ஆய்வுக்கூடத்தில் யாரும் மிக்சர் டப்பாவைத் திறந்துவைப்பதில்லை. நம் வீட்டில் அது திறந்தே இருக்கிறது.

அதனால்தான் முதல் ஏற்பாடு மாலை ஐந்தரை மணிக்கு. அலுவலகத்தை விட்டுக் கிளம்புவதற்குமுன், அல்லது பேருந்தில் ஏறியதும், புரதமும் நாரும் உள்ள சிறு தீனி ஒன்று. ஒரு கைப்பிடி வறுத்த கொண்டைக்கடலை, அதாவது 30 கிராம், கூட ஒரு கொய்யாப்பழம். எடை குறைக்க வந்தவரைக் கூடுதலாக ஒரு வேளை சாப்பிடச் சொல்வதா என்று தோன்றும். கடலையில் வருவது நூற்றுச் சொச்சம் கலோரிதான். அது இல்லாவிட்டால் ஆறே முக்காலுக்கும் ஒன்பதேகாலுக்கும் இடையில் உள்ளே போவது அதைப்போல மூன்று நான்கு மடங்கு. சுண்டல் இன்னும் நல்லது. ஆனால் காலையில் தாளித்துப் பையில் போட்ட தேங்காய்ச் சுண்டல் நம் ஊர் வெயிலில் மாலைக்குள் ஊசிப்போகும். அலுவலகத்தில் ஃபிரிட்ஜ் இருந்தால் கொண்டுபோகலாம், இல்லையென்றால் வறுகடலையே பத்திரம். வீட்டுக்குச் சீக்கிரம் வருகிறவர்கள் சனிக்கிழமை இரவு அரைக் கிலோ கருப்புக் கொண்டைக்கடலையை ஊறப்போட்டு, ஞாயிறு காலை குக்கரில் வேகவைத்து, ஆறியபின் சிறு சிறு டப்பாக்களாகப் பிரித்து ஃபிரீசரில் வைத்துவிடலாம். இருவருக்கு ஐந்து நாளுக்கு ஆகும். ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்து கிராமை ஒட்டிய புரதம். கைவேலை என்று பார்த்தால் வாரத்துக்குப் பதினைந்து நிமிடம்கூட இல்லை. ஊறுவதற்கும் வேகுவதற்கும் நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை.

மிக்சரும் பிஸ்கட்டும் வீட்டில் இருக்கும்வரை கடலை தோற்கும் என்பது அடுத்த சங்கடம். இதுவும் ஆசையைப் பற்றிய பலவீனம் மட்டும் இல்லை. கெவின் ஹால் 2019-இல் இருபது பேரை ஆய்வு மருத்துவமனையில் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் தயாரான மிகைப்பதன உணவும் இரண்டு வாரம் சமைத்த எளிய உணவும் கொடுத்தார். பரிமாறிய உணவில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார் எல்லாம் இரண்டிலும் சமம். வேண்டிய மட்டும் சாப்பிடலாம். மிகைப்பதன உணவு சாப்பிட்ட நாள்களில் அவர்கள் தம்மையறியாமல் ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், எடையும் கூடியது. உங்கள் மனவுறுதியில் குறை தேடாதீர்கள். மளிகைப் பட்டியலைத் திருத்துங்கள். மாதம் ஒருமுறை, சாப்பிட்டு முடித்த பிறகு எழுதும் பட்டியலில் எடுக்கும் ஒரு முடிவு, அசதியான முப்பது மாலைகளில் எடுக்க வேண்டிய முடிவுகளை மிச்சப்படுத்தும். பிள்ளைகளுக்காக வாங்குகிறோம் என்பது வழக்கமான சமாதானம். பிள்ளைகளுக்கும் அது நல்லதில்லை என்பது ஒருபுறம் இருக்க, அந்த டப்பாவில் பாதி பெரியவர்களுக்குத்தான் போகிறது.

இனி இரவுத் தட்டு. இந்தியர்களின் உணவைப் பரவலாக அளந்த ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின்படி நம் கலோரியில் ஏறக்குறைய 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. புரதம் மிகக் குறைவு. இதற்கு எல்லோரும் உடனே சொல்லும் தீர்வு, இரவில் சாதத்துக்குப் பதில் சப்பாத்தி. ஒரு கப் சாதத்தில் 200 கலோரி. இரண்டு சப்பாத்தியிலும் ஏறக்குறைய அதே 200. நாலு சப்பாத்தியும் உருளைக்கிழங்கு மசாலாவும் ஆனால் நிலைமை மோசம். சிறுதானியமும் கலோரியில் அரிசிக்குக் குறைந்ததில்லை. நார் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். தானியத்தை மாற்றுவதில் மணிக்கணக்காக மண்டையை உடைத்துக்கொள்வதைவிட அதன் அளவைக் குறைத்து, காலியான இடத்தைப் பருப்பாலும் காய்கறியாலும் நிரப்புவது மேல். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி சொல்கிறது. நம் தட்டில் ஓரமாக ஒதுங்கும் பொரியல் ஐம்பது கிராம் தேறுமா என்பதே சந்தேகம். செய்முறை எளிது. பரிமாறும் வரிசையைத் திருப்புங்கள். முதலில் பொரியலோ கூட்டோ தட்டின் பாதியை அடைக்கட்டும். அடுத்து கெட்டிப் பருப்பு, முட்டை, மீன் அல்லது பயறு. மிஞ்சிய கால் பங்கில் சாதம். சாப்பிடுவதையும் அதே வரிசையில் தொடங்கினால், சாப்பிட்டபின் இரத்தச் சர்க்கரை குறைவாக ஏறுகிறது என்று நியூயார்க்கின் வெய்ல் கார்னெல் மருத்துவக் கல்லூரி 2015-இல் சர்க்கரை நோயாளிகளிடம் காட்டியது. சிறிய ஆய்வுதான். ஆனால் இதற்கும் நிமிடச் செலவு ஏதும் இல்லை.

தோசை இல்லாமல் வார நாள் இரவு ஓடாது என்றால், மாவைக் கவனியுங்கள். நாலுக்கு ஒன்று என்று அரைக்கும் இட்லி மாவில் உளுந்தைவிட அரிசியே பெரும்பங்கு. நம் வீடுகளில் அருமையான மாற்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: அடை. அரிசிக்குச் சமமாகத் துவரை, கடலை, உளுந்து, பாசிப்பயறு கலந்து ஊறவைத்து அரைத்தால், புளிக்கக் காத்திருக்க வேண்டாம். காலையில் ஊறப்போட்டால் இரவு அரைத்துச் சுடலாம்; முருங்கைக் கீரையும் வெங்காயமும் சேர்த்தால் காய்கறிக்கும் பாதி வழி பிறந்துவிடும். மூன்று தோசைக்கு அடங்காத வயிறு ஒன்றரை அடைக்கு அடங்கும். எண்ணெயை மட்டும் கண்ணளவில் ஊற்றாமல் சின்னக் கரண்டியால் அளந்து விடுங்கள். அடை எண்ணெய் குடிக்கும்.

சோறு நம் வாழ்க்கை, அதைக் குறைப்பதென்றால் என்ன சாப்பாடு அது என்ற மறுப்பு வரும். அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. தலைமுறை தலைமுறையாக நாற்று நட்டும் கதிர் அறுத்தும் சோற்றை நிறைய உண்டவர்கள் நாம். அந்தத் தட்டு அந்த உழைப்புக்குப் பொருத்தமாக இருந்தது. உழைப்பு நாற்காலிக்கு மாறிவிட்டது, தட்டு மாறவில்லை. இங்கே யாரும் சோற்றை விடச் சொல்லவில்லை. குழம்பும் ரசமும் மோரும் இருக்கட்டும், கரண்டி மட்டும் குறையட்டும். அதற்கு மேல் நம் உடலுக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. ஐரோப்பியரோடு ஒப்பிடும்போது, அதே எடையில் நமக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு அதிகம். ஆகவேதான் இந்திய மருத்துவர்கள் பிஎம்ஐ 23-ஐத் தாண்டினாலே கூடுதல் எடை, 25-ஐத் தொட்டால் உடல்பருமன் என்று வகுத்திருக்கிறார்கள். 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் கணக்கில் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல், அந்த விளிம்பில் நிற்பவர்கள் 13 கோடிக்கு மேல். இப்போது முப்பத்தைந்து வயதில் இருக்கும் பெற்றோர் பலர் அந்த விளிம்பில்தான் பிள்ளை வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

செலவு கூடுமே என்பது இன்னொரு மறுப்பு, நியாயமானது. அரிசி ரேஷனில் இலவசமாகக் கிடைக்கும்போது வீட்டுச் சாப்பாடு அரிசியின் பக்கம் சாய்வது இயல்பு. அதே ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பும் கிடைக்கிறது. அதை விடாமல் வாங்குங்கள். கொள்ளு, தட்டைப்பயறு, மொச்சை, கருப்புக் கொண்டைக்கடலை ஆகியவை இறைச்சியைவிட மலிவான புரதம். முட்டை ஒன்றில் ஆறு கிராம். டப்பாவில் விற்கும் புரதப் பொடிக்கும், எடை குறைக்கும் பானங்களுக்கும் இந்தத் திட்டத்தில் இடமே இல்லை. பிஸ்கட்டுக்கும் மிக்சருக்கும் மாதாமாதம் போன பணத்தை ஒருமுறை கூட்டிப் பாருங்கள். பயறு வாங்க அது தாராளமாகப் போதும்.

இவ்வளவையும் யார் செய்வது? இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு எழுதும் எந்த வழிகாட்டியும் பாதிப் பொய்தான். மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் 2019-இல் நாளொன்றுக்கு 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். 2024-இல் பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. கணவரின் தொப்பையைக் குறைக்கவென்று மனைவி தனியாக இன்னொரு சமையல் செய்வதென்றால், அந்த 289 இன்னும் ஏறும். மனைவியின் எடை இறங்காது, அசதிதான் ஏறும். ஆகவே இந்த அத்தியாயத்தில் சொன்ன எதற்கும் தனிச் சமையல் கிடையாது: ஒரே உலை, ஒரே குழம்பு, தட்டில் மட்டும் பங்கு வேறு. ஞாயிற்றுக்கிழமைக் கடலையும், மளிகைப் பட்டியலும், காய் நறுக்குவதும் வீட்டு ஆண் எடுத்துக்கொள்ள வேண்டிய வேலைகள். இதை உதவி என்று சொல்லாதீர்கள். அவர் உடம்புக்கும் அவர் பிள்ளைக்கும் ஆகும் வேலை அது. பத்து வயதுப் பிள்ளையால் பீன்ஸ் ஆய முடியும், கடலையை டப்பாவில் பிரிக்க முடியும். பிள்ளை மிச்சம் வைப்பதற்கும் இங்கேயே ஒரு வழி உண்டு. முதலில் அரைத் தோசை வையுங்கள், கேட்டால் மீதியை வையுங்கள். மிச்சமே வராவிட்டால் அதைத் தின்று தீர்க்கும் கடமையும் அம்மாவுக்கு இல்லை.

உடற்பயிற்சியே வேண்டாம் என்கிறீர்களா என்று இந்நேரம் சிலர் கேட்டிருப்பார்கள். இல்லை. எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. தசையைக் காக்கப் புரதமும் அசைவும் இரண்டும் வேண்டும். நல்ல செய்தி ஒன்று: ஒரேயடியாகப் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய விதியை உலக சுகாதார நிறுவனம் 2020-இல் கைவிட்டுவிட்டது. வாரத்துக்கு 150 நிமிடம் என்பதைத் துண்டு துண்டாகவும் சேர்க்கலாம். பிரிட்டனில் உடற்பயிற்சியே செய்யாத 25,000-க்கு மேற்பட்டவர்களின் கையில் அசைவுமானி கட்டிப் பார்த்த 2022-ஆம் ஆண்டு ஆய்வில், அன்றாட வேலையின் நடுவே ஒன்றிரண்டு நிமிடம் மூச்சு வாங்கும்படி விரைந்து அசைபவர்களிடம், அதுவும் நாளுக்கு மூன்று முறை அசைந்தாலே, இறப்பு விகிதம் கணிசமாகக் குறைந்திருந்தது. இது கவனிப்பு ஆய்வு. அசைந்ததால்தான் ஆயுள் கூடியது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் மூன்றாம் மாடிக்கு லிஃப்டை விட்டுப் படியில் ஏறுவதற்கும், ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கி நடப்பதற்கும் இவ்வளவு சான்று போதும். பால் பொங்கும்வரை சமையல் மேடையில் கையூன்றிப் பத்துத் தண்டால், சுவரில் சாய்ந்து ஒரு நிமிடம் நாற்காலி நிலை. தசைக்கு இவையும் உணவுதான்.

தூக்கத்துக்கு வருவோம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் எஸ்ரா டசாலி 2022-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கும் எடை கூடிய 80 பேர் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்குத் தூக்கத்தை நீட்டுவது எப்படி என்று ஒரே ஒருமுறை ஆலோசனை. உணவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அவர்கள் சராசரியாக ஒரு மணி பத்து நிமிடத்துக்கு மேல் கூடுதலாகத் தூங்கினார்கள். மற்ற பிரிவினரோடு ஒப்பிட நாளுக்கு 270 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். டீயும் எண்ணெயும் சேர்ந்து தந்ததைவிட இது அதிகம். பிள்ளை தூங்கியபின் போனோடு கழியும் அந்த ஒரு மணி நேரம்தான் நாளில் தனக்கென்று கிடைப்பது என்று பல பெற்றோர் உணர்கிறார்கள். அந்த ஏக்கம் உண்மையானது, அதை முழுதாகப் பறிப்பது நியாயமும் இல்லை. பாதியை விட்டுக்கொடுங்கள். பத்தரைக்கு விளக்கை அணைத்தால் பிஸ்கட்டுக்கு எழும் பசியும் சேர்ந்து அணையும்.

பதினாறு மணி நேரம் பட்டினி கிடந்து எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிடும் முறையைப் பலர் கேட்கிறார்கள். சீனாவின் குவாங்சோவில் 139 பேரை ஓராண்டு பின்தொடர்ந்து 2022-இல் வெளியான ஆய்வில், கலோரி ஒரே அளவு குறைந்தால் நேரக் கட்டுப்பாடு தனியாகக் கூடுதல் பலன் தரவில்லை. பிடித்தால் செய்யலாம், காலையில் சாப்பிடாமல் மாலையில் ஈடுகட்டுவதாக மாறினால் விட்டுவிடுங்கள். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொள்கிறவர்கள் சாதத்தைக் குறைப்பதற்குமுன் மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவைச் சரிசெய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை ஆபத்தாகத் தாழ்ந்துவிடும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இந்த அத்தியாயத்தில் டீயையும் மிக்சரையும் பற்றிச் சொன்னதை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். கொஞ்சமாகத்தான் சாப்பிடுகிறேன், ஆனாலும் எடை ஏறுகிறது என்பவர்கள் தைராய்டை ஒருமுறை பார்த்துவிடலாம். அதோடு மூன்று நாள், நின்றபடி தின்றதையும் சேர்த்து எழுதிப் பார்க்கலாம்.

எடைக்கருவி சில வாரம் அசையாமல் நிற்கும். அப்போது மனம் விட்டுவிடாமல் இருக்கச் சென்னையில் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வைத் தெரிந்துகொள்வது நல்லது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரில், உணவும் நடையும் மாற்றிக்கொண்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் அவர்கள் எடை குறிப்பிடும்படி குறையவில்லை. ஆகவே எடையோடு இடுப்பையும் அளந்துகொள்ளுங்கள். தையல் டேப் ஒன்று போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், வெறும் வயிற்றில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் டேப்பை இறுக்காமல் சுற்றுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது இந்தியர்களுக்கான எல்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு, கடலை குக்கரில் வேகும் நேரத்தில் இருவரும் அளந்து, எண்ணெய் பாக்கெட்டின் தேதியை எழுதிய அதே பேனாவால் காலண்டரில் குறித்து வையுங்கள்.